கோட்டாறு முதல் சுசீந்திரம் வரை: படிவத்தில் இல்லாத கேள்விகள்

காலை ஆறு மணிக்குக் கோட்டாறு கடைவீதியில் நான்கு பேர் கூடினோம். கல்லூரியில் படிக்கும் தங்கை ஒருவர், அவருடைய தோழி, மூன்று சக்கர வண்டியில் வரும் தையல்கார அண்ணன் ஒருவர், நான். தங்கையின் கையில் அச்சிட்ட இரண்டு பக்கப் படிவம் இருந்தது. கல்லூரியில் கொடுத்த வேலை அது. ஓர் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்கு நடந்து போகிற பாதை ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், குழந்தையைத் தூக்கிப் போகிறவர்கள் எல்லோரும் நடக்க முடியுமா என்று பார்த்து எழுதி வர வேண்டும்.

அவர் தேர்ந்தெடுத்தது கோட்டாற்றிலிருந்து இடலாக்குடி வழியாகச் சுசீந்திரம். சாதாரணமாக நடந்தால் ஒன்றரை மணி நேரப் பாதை.

"ஏன் இந்த ரோடு?" என்று கேட்டேன்.

"பக்கம்தானே அண்ணா. பத்து மணி வகுப்புக்குத் திரும்பிடலாம்" என்றார்.

அந்தப் பாதை போய் முடிகிற இடத்தில், யார் நடக்கலாம் யார் நடக்கக் கூடாது என்பதற்காக நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சத்தியாகிரகம் நடந்தது அவருக்குத் தெரியாது. படிவத்தைத் தயாரித்தவர்களுக்கும் தெரிந்திருக்காது. நானும் அப்போது சொல்லவில்லை. முதலில் நடப்போம் என்று கிளம்பினோம்.

கடைவீதியில் தொடங்கிய சிக்கல்

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் விதி இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைவீதியில் 2.5 மீட்டர் என்கிறது. நடைபாதையின் உயரம் சாலையிலிருந்து 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. சாய்வுதளம் வைத்தால் ஓர் அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். 1.8 மீட்டர் என்பது ஏதோ குத்துமதிப்பாகப் போட்ட எண் அல்ல. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் உரசாமல் விலகிப் போக அவ்வளவு இடம் தேவை.

கோட்டாறு பழைய வியாபார ஊர். அரிசி மண்டி, பலசரக்கு, பாத்திரக்கடை, சுமை இறக்கும் வண்டிகள் என்று விடியும் முன்பே பரபரப்பாகிவிடும். மாட்டு வண்டிக் காலத்தில் அமைந்த தெருவில் இன்று லாரி நிற்கிறது. ஆகவே டேப்பை எடுத்து அளக்கவே இடமில்லை. தையல்கார அண்ணன் கடைவீதி முழுவதும் வண்டிகளுக்கு நடுவே தார்ச்சாலையில்தான் வந்தார். "நடைபாதை இருக்கிற இடத்துலயும் நான் ரோட்டுலதான் போவேன். ஏறினா இறங்க வழி இருக்காது. பாதியில மாட்டிக்கிட்டா யாராவது தூக்கி விடணும். தினமும் யாரைத் தேட?" என்றார்.

படிவத்தில் இதற்கு இடம் இருந்தது. 'நடைபாதை தொடர்ச்சியாக உள்ளதா?' என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்று தங்கை குறித்தார்.

வடிகாலின் மேல் போட்ட சிலாப்தான் நம் ஊர்களில் பாதி இடத்தில் நடைபாதை. ஒரு சிலாப் உடைந்தால் அது நடைபாதையின் பழுது மட்டும் அல்ல. அடியில் ஓடுவது சாக்கடை. அடைப்பு வந்தால் அந்த சிலாப்பைத் தூக்கி உள்ளே கை விடச் சொல்லி யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் வந்தது. நடைபாதை மதிப்பீட்டுப் படிவத்தில் 'மேற்பரப்பு வழுக்குகிறதா?' என்று கேட்கிறார்கள். மேற்பரப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை.

இடலாக்குடியைத் தாண்டினோம். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் ஆற்றலுக்குப் பெயர் சதாவதானம். கன்னியாகுமரி சாலையில் பேருந்துக்கும் டூவீலருக்கும் நடுவே நடந்து போகிறவருக்கும் அது கொஞ்சம் வேண்டியிருக்கிறது.

ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் நிலைமை வேறு. கடைவீதியில் கூட்டம் இருந்தாலும் வண்டிகள் மெதுவாகப் போகும். இங்கே கன்னியாகுமரிக்குப் போகும் சுற்றுலாப் பேருந்துகள் வேகமெடுக்கின்றன. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் மண்தான் நடப்பவர்களின் இடம். மழை பெய்தால் அதுவும் சேறாகும். மூன்று சக்கர வண்டி மண்ணில் இறங்கினால் நகராது, தாரில் ஏறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. அந்த இடத்தில் மாணவிகள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணனுக்குப் பின்னால் காவல் போல வரிசையாக நடந்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதுகாப்பான நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. அந்த வரியை அந்த மண்ணில் நின்று நினைத்துப் பார்ப்பது தனி அனுபவம்.

கூடை இறக்கிய இடம்

பழையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது எதிரே ஒரு பாட்டி கீரைக் கூடையோடு வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் டேப் பிடித்து அளப்பதைப் பார்த்து நின்றார்.

"என்ன மக்களே அளக்கிய? ரோடு அகலம் பண்ணப் போறாங்களா?"

இல்லை பாட்டி, நடந்து போக வசதியா இருக்கான்னு பார்க்கிறோம் என்று தங்கை சொன்னார். பாட்டி சிரித்தார். கூடையை இறக்க எங்களைக் கை கொடுக்கச் சொன்னார். தரையில் இறக்கிவிட்டால் திரும்பத் தூக்க ஆள் வேண்டும் என்பதால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எங்க அம்மைக்க அம்மை சுசீந்திரத்துக்கு வருவா. ரோட்டு வழியா வர மாட்டா. வயல் வரப்புலயே சுத்தி வருவா. கோயில் தெரு பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு வச்சிருந்தாங்க. நான் பிள்ளையா இருந்தப்ப தெரு திறந்தாச்சு. ஆனாலும் எங்க அம்மை அந்தத் தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடப்பா. யாரும் சொல்லல. அவளுக்கே கால் கூசும்."

படிவத்தில் இதைக் குறிக்க இடம் இல்லை. தங்கை பக்கத்தைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

ராஜவீதியும் கிராமவீதியும்

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மர நிழலில் உட்கார்ந்தபோதுதான் சத்தியாகிரகக் கதையைச் சொன்னேன்.

கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. அடிமை முறை அங்கே 1855-இல்தான் சட்டப்படி ஒழிந்தது. தீண்டாமை மட்டுமல்ல, நெருங்காமையும் அங்கே நடைமுறை. யார் யாரிடமிருந்து எத்தனை தூரம் விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. நம்பூதிரியிடமிருந்து புலையர் 96 தப்படி தள்ளி நிற்க வேண்டும் என்று மலபார் பற்றிய பழைய ஆங்கிலேயர் குறிப்புகள் சொல்கின்றன. இப்படி ஒரு கணக்கு இருக்கும் நாட்டில் சாலை என்பதற்கே பொருள் மாறிவிடுகிறது. எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் வயலில் இறங்க வேண்டும் என்றால், அந்தச் சாலை ஒருவருக்கு மட்டும்தான் சாலை.

1865-இல் திருவிதாங்கூர் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பொதுச் சாலைகள் எல்லா வகுப்பாருக்கும் திறந்தவை என்றது அது. 1884-இல் இன்னொரு முறை அதையே உறுதிப்படுத்தியது. பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு என்று விளக்கம் வந்தது. அறிவிப்பு ராஜவீதிக்குத்தான், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் கிராமவீதி, அவற்றுக்குப் பொருந்தாது என்றார்கள். அரசுப் பணத்தில் போட்ட தெருவை ஒரே ஒரு சொல்லால் மூடிவிட்டார்கள். என்னைக் கேட்டால், தீண்டல் பலகையை விட இந்தச் சொல் விளையாட்டுதான் ஆபத்தானது. பலகையைப் பிடுங்கி எறியலாம், விளக்கத்தைப் பிடுங்க முடியாது.

காகித உரிமையைக் காலால் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி அய்யன்காளி. வெங்கானூரில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர். 1893-இல் வில்லு வண்டி ஒன்றில் மாடு பூட்டி, தலைப்பாகை கட்டி, தடுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் ஓட்டிப் போனார். மனு எழுதவில்லை, அனுமதி கேட்கவில்லை. அதைத் தொடர்ந்து பாலராமபுரம் சாலியர் தெருவில் நடந்து போனவர்கள் தாக்கப்பட்டார்கள், திருப்பியும் அடித்தார்கள்.

பிறகு வைக்கம். 1924 மார்ச் 30-இல் தொடங்கி 1925 இறுதி வரை நீண்ட போராட்டம். பெரியார் இருமுறை சிறை போனது நம் பாடப் புத்தகங்களில் உண்டு. அங்கே கேட்டது கோயிலுக்குள் நுழைய அல்ல, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்க. முடிவில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குப் பக்கம் அப்போதும் முழுதாகத் திறக்கவில்லை.

அதே கேள்வி 1926-இல் சுசீந்திரத்துக்கு வந்தது. தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாகிரகம் தொடங்கியது. வைக்கத்திலும் பங்கெடுத்த டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றவர்களில் ஒருவர். இடையில் நின்று, 1930-இல் மறுபடி தொடங்கியது. 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோதுதான் கோயிலும் தெருவும் சேர்ந்து திறந்தன. 1865-இலிருந்து 1936 வரை கணக்குப் போட்டால் 71 ஆண்டுகள்.

சுசீந்திரம் என்ற பெயருக்கு இந்திரன் சுத்தமடைந்த இடம் என்று புராணம் சொல்வார்கள். சுத்தத்தின் பெயரால் மனிதர்களை வரப்பில் இறக்கிவிட்ட ஊருக்கு அப்படி ஒரு பெயர்.

வைக்கம் போராட்டம் நடந்த அதே 1924-இல், சென்னை மாகாண சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் நடக்கத் தடையில்லை, பொது அலுவலகம், கிணறு, குளம் எல்லாம் அப்படியே என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. தெருவில் நடக்க முடியும் என்று சொல்ல ஒரு சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம் நம் கொள்ளுத் தாத்தாவின் காலம்தான்.

டேப் காட்டாத தடை

"இப்பதான் எல்லாம் மாறிடுச்சே அண்ணா" என்றார் தோழி. நியாயமான பேச்சுதான். அன்று காலை கோயில் தெருவில் மூன்று சக்கர வண்டி உட்பட நாங்கள் எல்லோரும் போனோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பாட்டியின் பேத்தி தினமும் செருப்போடு அதே தெருவில் கல்லூரிப் பேருந்துக்கு ஓடுகிறாள். நூறு ஆண்டில் நடந்த மாற்றம் சின்னது அல்ல.

ஆனால் தமிழ்நாடு முழுவதும் அப்படியா? 2023 டிசம்பர் 24-இல் திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் சுமார் 60 தலித்துகள் செருப்பு அணிந்து கம்பள நாயக்கர் வீதியில் நடந்தார்கள். 300 மீட்டர் நீளத் தெரு. காலம் காலமாக அங்கே அவர்கள் செருப்போடு நடக்கவோ சைக்கிளில் போகவோ முடியாது என்ற எழுதாத விதி இருந்தது. தெருவுக்கு அடியில் பொம்மை புதைத்திருக்கிறது, தலித்துகள் செருப்போடு மிதித்தால் மூன்று மாதத்தில் செத்துப் போவார்கள் என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அந்தத் தெருவை டேப் பிடித்து அளந்திருந்தால் எந்தக் குறையும் தெரிந்திருக்காது.

அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரம். 2019 ஆகஸ்டில் இறந்த ஒருவரின் உடலைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போக நிலத்து வழியே பாதை மறுக்கப்பட்டது. பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி உடலைக் கீழே இறக்கினார்கள். அந்தக் காட்சியைப் பார்க்காதவர் குறைவு. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 2008 மே 6-இல் சுவரின் ஒரு பகுதியை இடித்துத் திறக்கும் வரை, தலித்துகள் பிரதான சாலைக்குச் சுற்றித்தான் வந்தார்கள்.

இவை எல்லாமே நடைபாதைப் பிரச்சினைகள்தான். நம் மாவட்டத்திலும் காலனியிலிருந்து பிரதான சாலைக்கு வரும் பாதை எந்த நிலையில் இருக்கிறது என்று அவரவர் ஊரில் பார்த்துக்கொள்ளலாம். பிரதான சாலைக்கு பேவர் பிளாக் பதிக்கிறார்கள். காலனிப் பாதை அதில் வந்து சேரும் இடத்தில் ஓர் அடிப் பள்ளம் இருக்கிறது. மாற்றுத்திறனாளியாகவும் தலித்தாகவும் இருப்பவருக்கு வீட்டு வாசலிலிருந்து சாலை வரும் வரை ஒரு மதிப்பீடு, சாலை வந்த பிறகு இன்னொன்று வேண்டும். படிவம் சாலையிலிருந்துதான் தொடங்குகிறது. தையல்கார அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "என் வீட்டுலேர்ந்து ரோட்டுக்கு வர்ற இருநூறு அடிதான் எனக்குக் கஷ்டம். அதுக்கு அப்புறம் சுசீந்திரம் என்ன, கன்னியாகுமரிக்கே போவேன்."

வெற்றுப் பக்கத்தில் எழுதியவை

அந்த மர நிழலில் மாணவிகள் இருவரும் தங்கள் படிவத்தின் பின்பக்கத்தில் கேள்விகள் சேர்த்தார்கள். காலனியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தெருவிளக்கு எரிகிறதா, அல்லது ஊர்த் தெருவோடு நின்றுவிடுகிறதா? பாதையில் உள்ள டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸா, ஒரே பெஞ்சா? திருமண ஊர்வலமும் இறுதி ஊர்வலமும் எல்லாத் தெருக்களிலும் போகின்றனவா, அல்லது 'வழக்கம்' என்று சொல்லி வேறு வழியில் திருப்பிவிடுகிறார்களா? பெண்கள் அவசரத்துக்கு ஒதுங்க இடம் உண்டா? செருப்பைக் கழற்றுகிற இடம் ஏதாவது இருக்கிறதா?

கடைசிக் கேள்வியை எழுதிவிட்டு, இதை யாரிடம் கேட்பது என்று யோசித்தார்கள். கேட்டால் எல்லோரும் 'அப்படியெல்லாம் இல்லை' என்றுதான் சொல்வார்கள். இதற்கு நின்று பார்க்க வேண்டும், வயதானவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு காலையில் முடியாது.

இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு அரசுப் பணத்தில் பராமரிக்கும் கிணறு, குளம், படித்துறை, சாலை எதிலும் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவானது. பொதுப் பாதையையோ மயானத்தையோ பயன்படுத்த விடாமல் தடுப்பது, சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டவிடாமல் தடுப்பது, பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணியவிடாமல் தடுப்பது, திருமண ஊர்வலத்தை மறிப்பது எல்லாம் 3-ஆவது பிரிவின்படி குற்றம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்களைத் தடையில்லாமல் அமைக்க வேண்டும் என்கிறது.

ஊரில் செய்யக்கூடியது இது. நடைபாதை, சிலாப், விளக்கு பற்றிய குறை என்றால் கிராம சபையிலோ திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ படத்தோடு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். சாலை யாருடையது, ஊராட்சியா நெடுஞ்சாலைத் துறையா என்று தெரியாவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி முதலில் அதைக் கேளுங்கள். பாதி மனுக்கள் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்ற பதிலில்தான் சாகின்றன. ராஜவீதி, கிராமவீதி விளையாட்டு இன்றும் இப்படித் தொடர்கிறது. சாதித் தடை என்றால் காவல் நிலையப் புகாரோடு நிற்க வேண்டாம். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும் என்பது விதி. அந்தக் கூட்டத்தில் உங்கள் ஊரின் பாதை விவாதத்துக்கு வர எழுதிக் கொடுங்கள்.

திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. மாணவிகள் வகுப்புக்காகப் பேருந்தில் ஏறினார்கள். மூன்று சக்கர வண்டியைப் பேருந்தில் ஏற்ற முடியாது என்பதால் அண்ணனும் நானும் வந்த வழியே திரும்பினோம். பாலத்தருகே கீரையை விற்று முடித்த பாட்டி காலிக் கூடையோடு எதிரே வந்தார்.

"எழுதிட்டியளா மக்களே?"

"எழுதிட்டோம் பாட்டி."

"கூடையை இறக்கி வைக்க ஒரு திண்டு வேணும்னும் எழுதுங்க. முன்னே எல்லாம் சுமைதாங்கிக் கல்லு நிக்கும். தலைச் சுமையோட நடக்கிறவியளுக்கு இப்ப ஒண்ணும் இல்ல."

அன்று இரவு தங்கைக்குப் போன் செய்து அதையும் சேர்க்கச் சொன்னேன். ஏற்கெனவே சேர்த்துவிட்டேன் என்றார்.